தோட்டத்துத் திடலும் தேசியப் பதக்கமும்



பொன்விழா மலர்களில் வழக்கமாக இடம்பெறும் செய்திகளை நாம் அறிவோம். தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களின் வரிசை, நன்கொடையாளர் பட்டியல், மதரஸா தொடங்கிய கதை, கட்டடம் எழும்பிய கதை. அவை எல்லாம் இந்த மலரிலும் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஓடியவர்கள், பந்தடித்தவர்கள், சடுகுடு ஆடியவர்கள் பெயர்கள் மலர்களில் ஏறுவது அபூர்வம். கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்படாத வரலாறு அது. செமினி வட்டாரத்தின் விளையாட்டு வரலாற்றையும், நம்மைப் போன்ற கிராமத்து, தோட்டத்துச் சமூகங்களிலிருந்து எழுந்து நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களின் வரலாற்றையும் இந்தக் கட்டுரையில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம். இளையவர்கள் படிக்க வேண்டும், பெரியவர்கள் விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

செமினியும் அதன் தோட்டங்களும்

உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய சாலையில் அமைந்தது நம் செமினி. இன்று இங்கு அடுக்கு மாடிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. 2005இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இங்கே வந்தது. விடுமுறை நாள்களில் புரோகா மலை ஏறக் கோலாலம்பூர்க்காரர்கள் விடியுமுன்பே வரிசை கட்டி வருகிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்த ஊரின் முகம் வேறு. காஜாங் பகுதியில் 1890களிலேயே கின்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் பயிரிட்டார்கள். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று. அடுத்த சில பத்தாண்டுகளில் உலு லங்காட் முழுவதும் பால்மரக் காடாயிற்று. ரிஞ்சிங், டொமினியன் என்று நாம் இன்றும் சொல்லும் பெயர்கள் எல்லாம் தோட்டப் பெயர்களே.

அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1938இல் அந்த முறை நிறுத்தப்பட்ட பிறகும் குடும்பங்கள் இங்கேயே வேர்விட்டன. அவர்களுக்குப் பின்னாலும் பக்கத்திலுமாக நம் முன்னோர் வந்தார்கள். இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி வந்து, தோட்டத்து வாசலிலும் செமினிப் பட்டணத்திலும் மளிகைக்கடை, துணிக்கடை, ஒட்டுக்கடை வைத்தவர்கள் அவர்கள். ஆகவே தோட்டத்துத் தமிழர் கதையும் நம் கதையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை. அவர்களுடைய சம்பள நாள்தான் நம் கடையின் வியாபார நாள். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே திடலில்தான் விளையாடினார்கள்.

மாலை நேரத்துத் திடல்

தோட்டத்து நாள் விடியுமுன்பே பெரட்டில் தொடங்கும். ஆள் எண்ணி, வேலை பிரித்து, வெளிச்சம் வரும்போது மரம் வெட்டுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இந்த அவசரம். மங்கில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்து முடிக்க நண்பகலைத் தாண்டிவிடும். அதன் பிறகு சமையல், குளியல், சிறு தூக்கம். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்துக்குத் தோட்டத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கள்ளுக்கடை. மற்றொன்று திடல்.

திடலின் அருமையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். லயத்துக்கும் ஆபிசுக்கும் இடையில் கிடந்த அந்தப் புல்வெளியில் ஒரு பந்து இருந்தால், இருபத்திரண்டு பேர் ஆடுவார்கள், நூறு பேர் சுற்றி நிற்பார்கள். சூரியன் சாயும்வரை அத்தனை பேரும் கள்ளுக்கடைக்குப் போகவில்லை என்று அர்த்தம். அதனால்தான் தோட்டத்துப் பெண்கள் பந்து விளையாட்டை என்றும் திட்டியதில்லை. கிராணி, ஆசிரியர், மண்டோர் என்று வேலைத் தரம் பார்த்து நடந்த தோட்ட வாழ்க்கையில், வெட்டுக்காரர் மகனும் கிராணி மகனும் சமமாக நின்ற இடமும் திடல் ஒன்றுதான். பந்து யாருடைய காலுக்குப் பணிகிறதோ அவரே அங்கே பெரியவர்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது பெயருக்கு ஒரு கொட்டகையாகவே இருந்தது. ஆனால் பள்ளி வந்ததால் ஆண்டு விளையாட்டுப் போட்டியும் வந்தது. சுண்ணாம்புக் கோடு போட்ட புல் பாதை, சிவப்பு நீலம் மஞ்சள் பச்சை என்று நான்கு இல்லங்கள், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள், சாக்கு ஓட்டம், பெற்றோருக்குக் கயிறு இழுத்தல், பரிசாக எவர்சில்வர் தட்டு. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர் வாங்கிய முதல் பரிசும் கடைசிப் பரிசும் அந்தத் தட்டுதான்.

நன்றாக ஓடிய பிள்ளைக்கு அடுத்த படிகள் உண்டு. பள்ளியிலிருந்து மாவட்டப் போட்டி, மாவட்டத்திலிருந்து சிலாங்கூர் மாநிலப் போட்டி, பிறகு மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டி. 1986இல் சுக்மா தொடங்கிய பின் அதுவும் ஒரு படியாயிற்று. தாளில் இது நேரான ஏணி. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு செலவு காத்திருந்தது. ஆணிக் காலணி வேண்டும். காஜாங்குக்குப் பேருந்துக் காசு வேண்டும். பயிற்சி முடிந்து வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கக் கூடாது. எத்தனையோ வேகமான கால்கள் இந்த மூன்றில் ஒன்று இல்லாததால் மாவட்டத்தோடு நின்றன.

நம் கடைகளின் பங்கு

இங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். தோட்டத்துக் குழுவுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர், சட்டைக்கு எண் தைத்துக் கொடுத்தவர், ஆட்டம் முடிந்ததும் ஒரு வாளி சிராப் தண்ணீர் கரைத்து வைத்தவர், பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரராகவே இருந்தார். கொடுத்ததை அவர்கள் எழுதி வைக்கவில்லை. கடன் புத்தகத்தில் ஏறாத செலவு அது. வானொலி வந்த காலத்தில் கால்பந்து வருணனை கேட்கவும், தொலைக்காட்சி வந்த காலத்தில் ஆட்டம் பார்க்கவும் ஊர் கூடிய இடமும் நம் கடைகள்தாம். ஒரு கோப்பைத் தே தாரேக்கோடு தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருந்தவர்களை நம் அத்தாமார் எழுப்பிவிட்டதில்லை. வெற்றி பெற்ற இரவில் காசு வாங்காமல் கலக்கிய தேநீரும் உண்டு.

சமய வேறுபாடு அந்தத் திடலில் சுவராக நின்றதில்லை என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். மஃரிப் பாங்கு கேட்டால் ஆட்டம் நிற்கும். கோவில் திருவிழா நாளில் நம் பிள்ளைகள் திடலைக் கூட்டிக் கொடுப்பார்கள். பெருநாள் மறுநாள் நடக்கும் ஆட்டத்தில் எல்லாரும் கலந்திருப்பார்கள். ஐம்பது ஆண்டு கண்ட ஒரு சங்கம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

1966: இரண்டு தமிழ்ப் பெயர்கள்

மலேசிய விளையாட்டு வரலாற்றில் நம் மொழி பேசுவோர் என்றும் மறக்கக் கூடாத ஆண்டு 1966. அந்த ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1962இல் ஜகார்த்தாவிலேயே 200 மீட்டர் தங்கத்தை அவர் எடுத்திருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 வினாடி தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை 20.90 என்று மாற்றினார். அரை நூற்றாண்டு நின்ற சாதனையை உடைக்கத் தேவைப்பட்டது ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்கு.

ஜெகதீசன் ஓடிக்கொண்டே மருத்துவம் படித்தார் என்பதுதான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. பறக்கும் மருத்துவர் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். விளையாடினால் படிப்புக் கெடும் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

பேங்காக்கில் 100 மீட்டரில் ஜெகதீசனுக்கு அடுத்து மிக நெருக்கமாக வந்து வெள்ளி வென்றவரும் தமிழரே. சிங்கப்பூரின் சி. குணாளன், ஆசிரியர். 1968இல் அவர் ஓடிய 10.38 வினாடி, சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக 33 ஆண்டுகள் இருந்து, 2001இல் யு.கே. ஷியாமின் 10.37க்கு வழிவிட்டது. ஆசியாவின் மிக வேகமான இருவர் ஒரே மொழி பேசியவர்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதே பேங்காக்கில் 400 மீட்டர் தங்கத்தை 56.3 வினாடியில் வென்றவர் எம். ராஜமணி. பேராக் மாநிலத்துப் பெண். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடியவர். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் குவித்தவர். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவற்றைப் பெற்ற இருவர் ஜெகதீசனும் ராஜமணியும். முதல் விருதின் இரண்டு பெயர்களும் தமிழ்ப் பெயர்கள். அடுத்த ஆண்டும் ராஜமணியே சிறந்த வீராங்கனையாகத் தேர்வு பெற்றார்.

பந்தும் கோலும்

குழு விளையாட்டுகளில் நம்மவர்கள் மலாய், சீன, சீக்கியத் தோழர்களோடு தோளோடு தோள் நின்றார்கள். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் கால்பந்துக் குழு ஆடியது. அந்தக் குழுவின் தலைவர் எம். சந்திரன். அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். நம் நாட்டுக் கால்பந்து ஒலிம்பிக் அரங்கில் பெற்ற வெற்றி அது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1975 மார்ச்சில், கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது. என். ஸ்ரீசண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியக் குழு அரையிறுதிக்குப் போய், கூடுதல் நேரத்தில் இந்தியாவிடம் 3-2 என்று தோற்றது. ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வரை நாம்தான் முன்னிலை. அந்த இந்தியக் குழுவே பிறகு பாகிஸ்தானை வென்று உலகக் கிண்ணத்தை எடுத்தது. நான்காம் இடம் என்று பட்டியலில் இருப்பது, உண்மையில் சில நிமிடங்களில் கைநழுவிய இறுதியாட்டம்.

கால்பந்து என்றால் நம் ஒட்டுக்கடைகளில் முதலில் வரும் பெயர் ஆர். ஆறுமுகம். 1953இல் போர்ட் கிள்ளானில் பிறந்த இலக்குக் காவலர். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் பிடித்ததால் ஸ்பைடர்மேன் என்று அழைக்கப்பட்டார். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் ஆடினார். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற தலைமுறை அது. சோவியத் ஒன்றியம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. தகுதி பெற்றும் போக முடியாத அந்தத் தலைமுறையின் கதையை ஒட்டி 2016இல் ஓலா போலா படம் வந்தபோது, நம் இளைஞர்கள் பலர் முதல் முறையாக ஆறுமுகத்தைத் தெரிந்துகொண்டார்கள். அவரோ 1988 டிசம்பரில் சாலை விபத்தில், 35ஆம் வயதிலேயே நம்மை விட்டுப் போய்விட்டார்.

பயிற்சியாளர் வரிசையில் கே. ராஜகோபால் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிலாங்கூரின் முன்னாள் ஆட்டக்காரர். அவர் பயிற்றுவித்த குழு 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 2010இல் தென்கிழக்காசிய வாகையர் கிண்ணமான சுசுகி கிண்ணத்தை முதல் முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர் பயிற்சியிலேதான்.

ஐம்பது கிலோமீட்டர்

1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆடவர் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 வினாடியில் முதலாவதாக வந்தார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியா வென்ற முதல் தங்கம் அது.

இந்தப் போட்டியின் தன்மையைச் சற்று விளக்குவது நல்லது. நடைப்போட்டியில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன் வைக்கும் கால், தரையைத் தொட்டது முதல் உடலுக்கு நேர்க் கீழே வரும்வரை, முழங்காலில் மடங்கக் கூடாது. நடுவர்கள் வழிநெடுக நின்று பார்ப்பார்கள். அன்றைய விதிப்படி, மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டைக்குப் பரிந்துரைத்தால் அவ்வளவுதான், வெளியேற வேண்டியிருந்தது. ஐம்பது கிலோமீட்டர் என்பது செமினியிலிருந்து கோலாலம்பூரைத் தாண்டிப் போகும் தூரம். அதை நம் நாட்டுப் புழுக்கத்தில், ஓடாமல், நான்கு மணி நேரம் மனத்தைக் கட்டி நடந்து முடிப்பது வேகத்தைவிடப் பொறுமைக்கு வைக்கும் சோதனை. விடிகாலையில் எழுந்து மைல் கணக்கில் நிரை பிடித்து நடந்த தாத்தா பாட்டிமாரின் பேரப் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

அண்மைக் காலத்திலும் இந்த வரிசை நிற்கவில்லை. கெடாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த எஸ். சிவசங்கரி, 2022இல் கார் விபத்தில் கடுமையாகக் காயமுற்று மீண்டு, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றார். எம். தீனா, பெர்லி டானோடு இணைந்து 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பூப்பந்து இரட்டையர் தங்கமும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றார்.

நம் வீட்டுப் பெயர்கள்

நம் குடும்பங்களில் புழங்கும் பெயர்களும் இந்த வரலாற்றில் உண்டு. 2003 ஆகஸ்டில் பினாங்கின் அப்துல் மாலிக் மைதீன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதல் மலேசியர் அவர். கால்வாய் அதன் குறுகலான இடத்திலேயே முப்பது கிலோமீட்டருக்கு மேல். குளிர்ந்த நீர், திசை திருப்பும் நீரோட்டம், கப்பல் போக்குவரத்து எல்லாம் சேர்ந்தது அந்தப் பாதை. முகைதீன் என்ற பெயரை மைதீன் என்று சொல்லும் வழக்கம் நம்முடையது. அந்தப் பெயர் அந்தக் கரையில் ஏறியது.

கடல் கடந்து சென்னையிலிருந்து இன்னொரு பெயர். வடசென்னையைச் சேர்ந்த எம். காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கிண்ணப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17.

இந்த இடத்தில் நமக்குள் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் சமூகத்தில் ஆண் பிள்ளைகள் திடலுக்குப் போனால் கேட்பாரில்லை. பெண் பிள்ளை பள்ளி ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் தட்டு வாங்கி வரும் வரை மகிழ்ச்சி, மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது தயக்கம். உடை, பயணம், பயிற்சி நேரம் என்று பெற்றோரின் கவலைகளில் நியாயம் உண்டு. ஆனால் அவற்றுக்கு வழி இருக்கிறது. முழு உடல் மறைக்கும் விளையாட்டு உடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. உலகப் போட்டிகளிலேயே தலை மறைத்து ஓடும் பெண்கள் இருக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பதையும், ஒரு முறை அன்னையாரே முந்தினார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. 1966இல் ராஜமணிக்குக் கிடைத்த வீட்டு ஆதரவு, 2024இல் காசிமாவுக்குக் கிடைத்த தகப்பன் ஆதரவு, செமினியில் நம் மகள்களுக்கும் கிடைக்க வேண்டும்.

திடல்கள் எங்கே போயின?

பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்தது. எண்ணெய்ப்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் சிதறினார்கள். ரிஞ்சிங் தோட்டத்தின் பெயர் இன்று பண்டார் ரிஞ்சிங் என்ற குடியிருப்பில் வாழ்கிறது. பெயர் தங்கியது, திடல் தங்கவில்லை. தோட்டத்துக் கோவிலையும் பள்ளியையும் காப்பாற்ற நம் மக்கள் போராடியிருக்கிறார்கள், பல இடங்களில் வென்றும் இருக்கிறார்கள். திடலுக்காகப் போராட யாரும் முன்வரவில்லை. அது சொத்து என்றே நமக்குத் தோன்றவில்லை.

தோட்டம் கலைந்தபோது குழுவும் கலைந்தது. ஒரே திடலில் தினமும் சேர்ந்த பதினொரு பேர், ஏழு தாமான்களில் குடியேறினால் மாலையில் எப்படிச் சேர்வார்கள்? இன்றைய பிள்ளைக்கு நகராண்மைக் கழகத்தின் திடலோ, மணிக்குக் காசு கட்டும் ஃபுட்சால் கூடமோதான் வழி. வெறுங்காலோடு இலவசமாகக் கற்ற கலை, இப்போது கட்டணம் கட்டிக் கற்கும் கலையாகிவிட்டது. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் திடலுக்கு வெளியே நிற்கிறார்கள். தோட்டத்துக் காலத்தில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திடல் நின்றது. இப்போது வேலையற்ற மாலைகளுக்கும், தீய நட்புக்கும், கைப்பேசிக்கும் எதிராக எது நிற்கிறது?

கால்பந்திலும் இந்தக் குறை தெரிகிறது. மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான குழு 2017இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. உள்நாட்டு ஆட்டக்காரர்களை நம்பி நின்ற அந்தக் குழு 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. மேலே குழு இருந்தால் போதாது, கீழே திடலும் வேண்டும், நடுவில் பொருளும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

கிராமம் திடலை மீட்ட கதையும் உண்டு. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. நெசவுத் தொழிலாளி மகன் டி. நடராஜன் அங்கே டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே இந்தியாவுக்காக மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். பெயர் கிடைத்ததும் அவர் செய்த வேலை, 2023இல் தம் ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்தது. அதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து வந்த தோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். காய்கறி விற்று அவரை வளர்த்த தாயும், பள்ளியில் தாண்டச் சொன்ன உடற்கல்வி ஆசிரியரும் இல்லாமல் இது நடந்திருக்காது. வீரர்களைக் கிராமங்கள் தருகின்றன. பிடித்து நடத்த ஒரு கை வேண்டும்.

சங்கத்தின் முன் மூன்று வேலைகள்

பொன்விழா என்பது பெருமை பேசும் நேரம் மட்டுமன்று, கணக்குப் பார்க்கும் நேரமும்கூட. ஆகவே மூன்று வேலைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒரு பெயர்ப் பதிவேடு. செமினி, புரோகா, ரிஞ்சிங், டொமினியன் பகுதிகளில் பள்ளிக்கோ மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ விளையாடிய எல்லாருடைய பெயரும், விளையாட்டும், ஆண்டும் அதில் ஏற வேண்டும். மதம் பார்க்க வேண்டாம், திடல் பார்க்காததை நாமும் பார்க்க வேண்டாம். வீட்டுப் பெட்டிகளில் பழைய குழுப் படங்கள், கிழிந்த சான்றிதழ்கள், கறுத்த கேடயங்கள் கிடக்கும். படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரு சிறு நிதி. மாவட்டப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைக்குக் காலணி, பயணம், சாப்பாடு. பெரிய தொகை தேவையில்லை. அந்தக் காலத்துக் கடைக்காரர் பந்து வாங்கிக் கொடுத்ததைத்தான் சங்கமாகச் சேர்ந்து செய்கிறோம். இதில் பெண் பிள்ளைகளுக்குப் பாதி ஒதுக்க வேண்டும். அவர்களோடு போய்வரச் சங்கத்தின் மகளிர் பிரிவினர் முன்வந்தால் பெற்றோரின் தயக்கமும் குறையும்.

மூன்றாவது, திடல். எஞ்சியிருக்கும் பொதுத் திடல்கள் எவை, யார் பெயரில் இருக்கின்றன, எதிலே கட்டடம் வரப்போகிறது என்று பார்த்து வைத்து, காஜாங் நகராண்மைக் கழகத்திடம் நேரத்தோடு பேச வேண்டும். தூண் எழும்பிய பிறகு பேசிப் பயனில்லை. வாரத்தில் ஒரு மாலையேனும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் திறந்திருக்கும் ஒரு திடல் செமினியில் இருக்குமானால், அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அதுவே நம் பெரிய கொடை.

மெர்டேக்கா அரங்கில் ஓடியவர்களும் ஆடியவர்களும் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. ஏதோ ஒரு புல்வெளியில், யாரோ வாங்கிக் கொடுத்த பந்தோடு, யாரோ போட்ட சுண்ணாம்புக் கோட்டில் தொடங்கியவர்கள்தாம் அவர்கள். அந்த யாரோ ஒருவராக நம் முன்னோர் இருந்திருக்கிறார்கள். நாமும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். பதிவேட்டின் முதல் பக்கத்துக்குத் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயரை, ஒரு படத்தை, ஓர் ஆண்டை இந்த மாதமே சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து தருமாறு எல்லாக் குடும்பத்தினரையும் கேட்டுக்கொள்கிறோம்.